எந்தப் பட்டியலில் நம் பிள்ளைகள்?

பட்டியல் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று, சான்றிதழில் முத்திரை வாங்கி, அதை நீட்டும் இடத்திலெல்லாம் ஒரு முறைப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்பும் பட்டியல். இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் பெயர் வந்தால் மாலை விழும், காசோலை வரும், புத்தக அட்டையில் தங்க நிறத்தில் ஒரு வட்டம் ஒட்டுவார்கள். பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிறுவர் நூல்களின் பட்டியல் அது. முதல் பட்டியலில் பிறந்த பிள்ளை இரண்டாவது பட்டியலின் புத்தகங்களுக்குள் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு.

“வெட்டும் குத்துமாக நாடு கிடக்கும்போது சிறுவர் புத்தகமா பிரச்சினை?” என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

1

எனக்கு அக்கா முறையாகும் ஒருவர் சென்னையில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் நூலகர். எங்கள் காலனியில் நூலகப் படிப்பு முடித்த முதல் ஆள். போன கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். பரிசு வாங்கிய, பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிறுவர் நூல்களில் கைக்குக் கிடைக்கிற அத்தனையையும் ஒரே ஆண்டில் படித்து முடிப்பது.

“எதுக்குக்கா இந்த வேலை? இதுக்கு இன்க்ரிமெண்ட் தருவானா?” என்று கேட்டேன்.

“பிள்ளைங்க வந்து எது நல்லாருக்கும்னு கேக்குதுங்க. நான் அட்டையில ஒட்டியிருக்கிற வட்டத்தப் பாத்து எடுத்துக் குடுத்துட்டிருக்கேன். நான் படிக்காத புத்தகத்த நல்லதுன்னு சொல்றது மோசடி இல்லையாடா?”

நான் வங்கி எழுத்தர். பகலெல்லாம் கணக்கு, ராத்திரியில் கவிதை. அக்காவுக்கு ஒரு நீளமான பேரேடு வாங்கிக் கொடுத்தேன். அதில் அவர் போட்ட பத்திகளைப் பாருங்கள்: புத்தகத்தின் பெயர். ஆண்டு. யாருடைய கதை? வீட்டில் சமைப்பது யார்? தெருவைக் கூட்டுவது யார்? அவர்களுக்குப் பெயர் இருக்கிறதா?

சில மாதம் கழித்துப் பார்த்தபோது அக்கா சொன்னார்: “கணக்கு டேலி ஆகலடா தம்பி.”

“எங்க உதைக்குது?”

“பற்றுப் பக்கம் முழுக்க வேலை செய்யிற கை இருக்கு. வரவுப் பக்கத்துல அந்தக் கைக்கு மொகமே இல்ல.”

என் தொழிலில் ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. விடிய விடிய உட்கார்ந்து தேட வேண்டும். இத்தனை காலக் கணக்கு உதைக்கிறது, பரிசுக் குழுக்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கே உதைக்கிறது என்று தேடினோம். தேடியதைச் சொல்கிறேன்.

2

சிறுவர் நூலுக்கென்று உலகில் முதலில் வந்த பரிசு அமெரிக்காவின் நியூபெரி பதக்கம். 1921-இல் யோசனை எழுந்தது, 1922-இல் முதல் பதக்கம் கொடுக்கப்பட்டது. சரித்திரப் புத்தகங்கள் இதைச் சொல்லும். சொல்லாத ஒன்று உண்டு.

நியூபெரிக்கு முன்பே, 1920 ஜனவரியில், ஒரு சிறுவர் மாத இதழ் தொடங்கியது. பெயர் ‘த பிரவுனீஸ் புக்’. தொடங்கியவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். கறுப்பின விடுதலைச் சிந்தனையின் தலைமகன். கூட நின்று இலக்கியப் பொறுப்பைச் சுமந்தவர் ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற கறுப்பினப் பெண். லாங்ஸ்டன் ஹியூஸ் பின்னாளில் பெருங்கவிஞர், அவருடைய ஆரம்பகாலக் கவிதைகள் இதில்தான் வந்தன. கறுப்புக் குழந்தை தன் முகத்தைத் தாளில் பார்க்க வேண்டும், அது அழகான முகமாக இருக்க வேண்டும் என்பதற்காக நடத்தப்பட்ட இதழ். 24 இதழ் வந்தது. 1921 டிசம்பரோடு நின்றுபோனது. அடுத்த வருஷமே பதக்கம் வந்துவிட்டது. ஒன்று சாக ஒன்று பிறந்தது. இரண்டுக்கும் காரண உறவு இருந்ததென்று நான் சொல்லவில்லை. எதற்குப் பணமும் நிறுவனமும் இருந்தன, எதற்கு இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

1928-இல் அந்தப் பதக்கத்தை ஒரு இந்தியர் வாங்கினார். பெயர் தன் கோபால் முகர்ஜி. ‘கே-நெக்’ என்ற புறாவின் கதை. வங்காளத்துப் பிராமணர். பள்ளி நூலகத்தில் இந்தியா என்று கேட்டால் அந்தப் புறாதான் பறந்து வரும். அதே முகர்ஜி 1923-இல் தன் வரலாறு எழுதினார். பெயர் ‘காஸ்ட் அண்ட் அவுட்காஸ்ட்’. ‘சாதி’ என்ற முதல் பாதி வங்காளத்தில் அவருடைய பிராமணப் பிள்ளைப்பருவம். ‘சாதிக்கு வெளியே’ என்ற இரண்டாம் பாதி யாரைப் பற்றி? நம்மைப் பற்றியா? இல்லை. அதுவும் அவரைப் பற்றித்தான். அமெரிக்காவில் கூலி வேலை செய்து, பட்டினி கிடந்து திரிந்த காலத்தை அவர் அப்படி அழைத்துக்கொண்டார். அவருடைய பசியை நான் இகழவில்லை, பசி எவனுக்கும் பசிதான். ஆனால் சாதியும் அவனுடையது, சாதிவிலக்கும் அவனுடையது என்றால் நமக்கு எதை மிச்சம் வைத்தான்? நம் இழிவைக் குறிக்கும் சொல்லைக்கூட உவமையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

3

1965-இல் நான்சி லாரிக் என்ற வெள்ளையின ஆசிரியர் ஒரு கணக்கு எடுத்தார். 1962 முதல் 1964 வரை பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்கள். அவற்றில் சொல்லிலோ படத்திலோ ஒரு கறுப்பின மனிதரையாவது காட்டியவை 349. நூற்றுக்கு 6.7. இந்தக் கணக்குக்குத் தூண்டியது ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி. படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, எப்பவும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்களே ஏன் என்று கேட்டாள். பேராசிரியர்களுக்கு வராத கேள்வி.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985-இல் எண்ணத் தொடங்கியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 சிறுவர் நூல்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ படைத்தவை 18. பதினெட்டே பதினெட்டு! 2018-இல் அதே மையத்தின் கணக்கு: வெள்ளையர் பாத்திரங்கள் நூற்றுக்கு 50. விலங்குகளும் பிறவும் 27. கறுப்பினத்தவர் 10. பூர்வகுடிகள் 1. கரடிக்கும் முயலுக்கும் பேசுகிற ரயில் வண்டிக்கும் கிடைத்த இடம் மனிதக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. 

நியூபெரி பதக்கம் ஒரு கறுப்பின எழுத்தாளர் கைக்கு வர 53 ஆண்டு ஆனது. 1975-இல் வர்ஜினியா ஹாமில்டன். 1977-இல் மில்ட்ரெட் டெய்லர். அடுத்தவர் வந்தது 2000-இல். இங்கிலாந்தின் கார்னகி பதக்கம் இதைவிட மோசம். 1936-இல் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு ஆண்டும் பள்ளி நூலகர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு இறுதிப் பட்டியல் முழுவதையும் படித்து வாதிடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் 2017-இல் வந்த 20 நூல்களின் நெடும்பட்டியலில் எழுதியவர் அத்தனை பேரும் வெள்ளையர்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் விசாரணை, ஆய்வு, அறிக்கை எல்லாம். வெள்ளையரல்லாத ஒருவர், எலிசபெத் அசெவெடோ, முதன்முதலாக அதை வாங்கியது 2019-இல்.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும். “பரிசு தரத்துக்குக் கொடுப்பது, நிறத்துக்கோ சாதிக்கோ அல்ல.” இந்தத் தரத்தை நாம் மெடிக்கல் சீட்டில் பார்த்திருக்கிறோம், வங்கி நேர்முகத்தில் பார்த்திருக்கிறோம், பதவி உயர்வில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 53 வருஷமாக ஒரு இனத்தில் ஒரு ஆளுக்குக்கூடத் தரம் வரவில்லையாம். 1975-இல் திடீரென்று வந்துவிட்டதாம். மாறியது எழுத்தா, படிக்கிற கண்ணா? ஐயா, தராசில் ஏறியவனின் எடையை மட்டும் பேசாதீர்கள், தராசைப் பிடித்திருக்கும் கையையும் கொஞ்சம் காட்டுங்கள்.

4

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பஞ்சதந்திரத்தில் ஆடு சுமக்கும் பிராமணன் கதை தெரியாத பிள்ளை இல்லை. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். மூன்று திருடர்கள் ஒருவன் பின் ஒருவனாக வந்து, நாயைத் தூக்கிக்கொண்டு போகிறீரே என்கிறார்கள். பயந்து வீசிவிட்டு ஓடுகிறான். பிறர் பேச்சைக் கேட்டு ஏமாறாதே என்று நீதி சொல்லி டீச்சர் புத்தகத்தை மூடுவார்.

ஒரு கேள்வி. நாயாகவே இருந்தால்தான் என்ன? எங்கள் தெருப் பிள்ளைகள் நாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள். அவன் ஏன் வீசினான்? தீட்டு. அந்தக் கதைக்கு அச்சாணி தீட்டுதான். அதைக் கழற்றினால் கதை நகராது. தீட்டு தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கதை சிரிப்பு. தெரியாத பிள்ளைக்கு இந்தக் கதைதான் முதல் பாடம். இதில் சாதி இல்லையாம்! இது உலகத் தரமான சிறுவர் இலக்கியமாம்! பீமாராவ் என்ற சிறுவன் பள்ளிக்கூடத்தில் கோணிச் சாக்கில் உட்கார்ந்தான், குழாயைத் தொட விடாததால் தாகத்தோடு திரும்பினான் என்று எழுதினால் மட்டும் அதில் சாதி இருக்கிறதாம், குழந்தை மனம் கெட்டுவிடுமாம்.

இது கற்பனை வாதம் அல்ல. அக்காவின் பள்ளியில் நடந்தது. அங்கே கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒருத்தி ஆறாம் வகுப்பு. அம்மா துப்புரவுப் பணியாளர். நூலகத்துக்கு வந்து மெதுவாகக் கேட்டிருக்கிறாள்: “மிஸ், எங்கள மாதிரி ஆளு வர்ற கதை இருக்கா?”

பேரேட்டைப் புரட்டிப் பார்த்து அக்கா எடுத்துக் கொடுத்தது ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’. 2020-இல் நியூபெரி வாங்கிய முதல் படக்கதை நூல். பணக்காரத் தனியார் பள்ளியில் சேரும் ஒரு கறுப்பினப் பையனின் கதை. அவன் பெயரை ஆசிரியர்கள் மாற்றிக் கூப்பிடுவதில்லையா, அவனைப் பார்த்ததும் உதவித்தொகையில் வந்தவன் என்று முடிவு கட்டுவதில்லையா, அதெல்லாம் அதில் வருகிறது. இரண்டே நாளில் படித்துவிட்டு வந்து அந்தப் பிள்ளை கேட்டாள்: “மிஸ், இந்தப் பையன் நம்ம ஸ்கூல்லயா படிக்கிறான்?”

அமெரிக்காவில் பிறந்த ஒரு கறுப்புப் பையன்தான் அவளுக்கு முதல் சொந்தக்காரனாகக் கிடைத்தான். தமிழில் இல்லை.

அதற்கடுத்து அக்கா ‘பீமாயணா’வைக் கொடுத்தார். 2011-இல் நவயானா வெளியிட்டது. துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு மரபில் வரைந்த அம்பேத்கர் வாழ்க்கை. அதை வேறொரு பிள்ளையும் வீட்டுக்கு எடுத்துப் போனது. மறுநாள் அப்பா வந்தார். “சின்னப் புள்ளைங்களுக்கு சாதியெல்லாம் எதுக்குச் சொல்லித் தர்றீங்க?” நிர்வாகத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. புத்தகம் அலமாரியிலிருந்து அலுவலக அறைக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

அந்த அப்பாவைப் போன்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2021-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கேட்டியில் சில பெற்றோர் மனுக் கொடுத்து, இதே ‘நியூ கிட்’டைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்க வைத்தார்கள். எழுத்தாளர் பிள்ளைகளோடு பேசவிருந்த நிகழ்ச்சியும் தள்ளிப்போனது. பிறகு எதிர்ப்பு வந்தது, பரிசீலனை நடந்தது, புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. தங்க வட்டம் ஒட்டியிருந்தும் அதற்கு அந்தக் கதி.

பிள்ளைகளுக்குச் சாதி தெரியாதாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டியது யார்? கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றின் நிறம் வைத்து எவன் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சாதி தெரியாது என்று சொல்வது யாரை ஏமாற்ற? சாதி செய்யலாம், சாதியைப் படிக்கத்தான் கூடாது! விஷ்ணுபுரம் சரவணன் இந்தக் கயிற்றையே கருவாக வைத்து ‘கயிறு’ என்று சிறுவர்களுக்குக் கதை எழுதினார். அது போன்ற ஒன்றிரண்டைக் காட்டிப் பெருமைப்படலாம். ஒன்றிரண்டு போதுமா என்பதுதான் கேள்வி.

சாகித்ய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. எழுதியவர் என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. அந்த நூல்களை எடுத்துவைத்து அக்காவின் பேரேட்டுக் கேள்விகளைக் கேளுங்கள் என்கிறேன். கதை எந்தத் தெருவில் நடக்கிறது? பிள்ளை எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறது? மாட்டுக்கறி வேகும் வாசனை எங்காவது வருகிறதா? பறை அடிக்கும் அப்பாவைப் பிள்ளை பெருமையாகப் பார்க்கும் ஒரு பக்கம் உண்டா? விடையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

5

இப்போது நம் பங்குக்கு வருகிறேன், தோழர்களே.

அயோத்திதாசர் 1907-இல் பத்திரிகை நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இலேயே நடத்தினார். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்து தமிழ் உரைநடையைப் புரட்டிப்போட்டது. கவிதை எழுதினோம், தன்வரலாறு எழுதினோம், அரங்கம் செய்தோம், கோட்பாடு பேசினோம். கோட்பாடு கொஞ்சம் அதிகமாகவே பேசினோம். பிள்ளைகளுக்கு என்ன எழுதினோம்? நான் உட்பட எத்தனை கவிஞர்கள் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி பத்து வரி எழுதியிருக்கிறோம்? ஹைதராபாத்தின் அன்வேஷி 2008-இல் தலித், சிறுபான்மைப் பிள்ளைகளின் வாழ்வை வைத்து தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு கதை வரிசையே கொண்டுவந்தது. கோகு சியாமளா எழுதினார். அதில் தமிழ் இல்லை. ஏன் இல்லை என்று ஆந்திராக்காரனையா கேட்பது?

1946-இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மக்கள் நிலையும் எங்கள் மக்கள் நிலையும் ஒத்திருக்கிறது என்று எழுதி, அவர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். டுபாய்ஸ் பதில் எழுதினார். அந்த உறவை மேடைதோறும் சொல்கிறோம். நானும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அத்தனை போராட்டத்துக்கு நடுவே டுபாய்ஸ் சிறுவர் இதழ் நடத்தினார் என்பதை நாம் பேசியதில்லை. அவருக்கு வேலை இல்லாமல் நடத்தவில்லை. பிள்ளையை எதிரியின் கதைக்கு விட்டுவிட்டு விடுதலை பேச முடியாது என்று தெரிந்து நடத்தினார்.

இன்னொரு சம்பவம் உண்டு. 1969, அட்லாண்டிக் சிட்டி, அமெரிக்க நூலகச் சங்க மாநாடு. கிளிண்டன் கிரியர், மேபல் மெக்கிசிக் என்று இரண்டு பெண்கள். இருவரும் பள்ளி நூலகர்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பதிப்பாளரின் கடையில் நின்று, இத்தனை ஆண்டில் ஒரு கறுப்பினத்தவருக்கும் அந்தப் பதக்கம் கிடைக்கவில்லையே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் நீங்களே ஒரு பரிசு தொடங்கக்கூடாதா என்றார் பதிப்பாளர். தொடங்கினார்கள். கொரட்டா ஸ்காட் கிங் பரிசு. 1970-இல் லில்லி பேட்டர்சனுக்கு முதல் பரிசு. நூலகச் சங்கம் அதை அதிகாரபூர்வமாகத் தன்னுடையதாக ஏற்க 1982 ஆனது. அதுவரை காத்திருக்கவில்லை அவர்கள்.

தனிப் பரிசு என்றால் தனிச் சேரிதானே என்று சிலர் கேட்பார்கள். 2001-இல் அமெரிக்காவிலும் இதே விவாதம் எழுந்தது. நியாயமான கேள்விதான், ஆனால் கேட்கிற இடம் தவறு. சேரியைப் பிரித்து வைத்தது ஊர். ஊர்க் கிணற்றில் விடாதவரை நம் கிணற்றை நாம் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிக்கொண்டே ஊர்க் கிணற்றுக்கும் போராட வேண்டும். ‘நியூ கிட்’ 2020-இல் இரண்டு பரிசையும் வாங்கியது. ஒன்று மற்றொன்றை மறிக்கவில்லை.

6

போன மாதம் அக்காவைப் பார்த்தேன். பேரேடு நிறைந்திருந்தது. சபதம் முடிந்துவிட்டதே, அடுத்த வருஷப் பட்டியல் வந்துவிட்டதா என்றேன்.

“அடுத்த வருஷம் நான் பட்டியலப் படிக்கப் போறதில்லடா. பட்டியல் போடப் போறேன்.”

அதற்கும் முன்னோடி உண்டு. 1937-இல் நியூயார்க்கின் ஹார்லெம் கிளை நூலகத்தில் சிறுவர் பிரிவுக்கு வந்த அகஸ்டா பேக்கர் அதைத்தான் செய்தார். கறுப்பினத்தவரைக் கோமாளியாக, அடிமையாக, கொச்சையாகக் காட்டாத நூல்களைத் தேடிப் பொறுக்கிப் பட்டியலிட்டார். கிடைத்தவை கொஞ்சம். கொஞ்சம் என்று தெரிந்ததும் பதிப்பகங்களிடம் போய்க் கேட்டார். அந்தப் பட்டியல் பல ஆண்டு, பல பதிப்பு வந்தது. நூலகர் என்பவர் சாவிக் கொத்து வைத்திருக்கும் ஆள் மட்டும் அல்ல என்பதை அவர் காட்டினார்.

ஆகவே நம் வேலை இது. மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குப் போய் நூலக பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் சிறுவர் நூல்களை அக்காவின் கேள்விகளோடு படித்துக் குறிப்பு எடுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு கதை எழுதுங்கள். நீதி சொல்ல வேண்டாம், அழவைக்கவும் வேண்டாம். நம் தெருப் பிள்ளை சிரித்து, சண்டை போட்டு, ஈசல் பிடித்து, வறுத்துத் தின்று, ராத்திரி பாட்டியோடு படுத்துத் தூங்கும் ஒரு நாளை எழுதினால் போதும். குறிப்புகளையும் கதைகளையும் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். தேர்வுக் குழுவில் பேராசிரியர்கள் வேண்டாம். நூலகர்களும் பிள்ளைகளும் இருக்கட்டும். பரிசுப் பணத்துக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை முதல் வரவாக வைக்கிறேன்.

அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்னும் நூலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். வரும்போதெல்லாம் கேட்கிறாளாம்: “மிஸ், புதுசா ஏதாச்சும் வந்துச்சா?”

பதில் அக்காவிடம் இல்லை. நம்மிடம்தான் இருக்க வேண்டும்.